வீட்டார் கிழிக்கும் பக்கம்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. பொய் சொல்லத்தான் தெரியும். அதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது போகப் போக உங்களுக்கே புரியும். ஆனால் இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

போன நவம்பரில் கோயிம்பிரா பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் வரலாற்று வகுப்பை மூன்று நாள் தலைநகர் லிஸ்பனுக்குக் கூட்டிப் போனார்கள். கோட்டை, பழைய தெருக்கள், நிலநடுக்கத்தில் இடிந்த கோயில் என்று சுற்றல். எல்லோரும் எங்கள் மாணவர் உடையான கறுப்புக் கம்பளி மேலங்கியைப் போர்த்திக்கொண்டுதான் போனோம். தலைநகர்க்காரன் முன்னால் கோயிம்பிரா மானம் போகக் கூடாதல்லவா?

எனக்கு மட்டும் வேறு பயம். நான் வளர்ந்ததே லிஸ்பனில்தான், அல்ஃபாமா மேட்டில் ஒரு குறுகிய சந்தில். அம்மா பிரான்சுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு நான்கு வயது. அதன் பிறகு என்னை வளர்த்தது பெரியம்மா சுல்மீரா. சந்தையில் மீன் விற்பவர். அவர் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை கூடவே வரும். என் வகுப்பிலோ எல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். லிஸ்பனில் எனக்கு யாருமே இல்லை என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். பெரியம்மாவிடம், அடுத்த மாதம்தான் வருகிறோம் என்று சொல்லி வைத்திருந்தேன். என் தோளில் கிடந்த மேலங்கி அவர் வாங்கித் தந்தது. எழுதும்போதே கை கூசுகிறது.

இரண்டாம் நாள் மத்தியானத்திலிருந்து என் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பெரியப்பா அர்லிந்து. அக்கம்பக்கத்தில் யாரோ என்னைப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், பெரியம்மா மொத்தச் சந்தையையும் திரட்டிக்கொண்டு வந்து நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

மாலை 5.45. நன்றாக இருட்டிவிட்டது. அல்ஃபாமாவின் படிக்கட்டுத் தெரு ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவுக்கு அடியில் ஒதுங்கினோம். பேராசிரியர் மழையையும் விடாமல் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் மேலங்கியைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஏன்டா டெல்மோ முக்காடு போட்டுக்கற? கல்யாணப் பொண்ணா நீ?" என்றான் காஸ்பர். வகுப்பில் அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"குளுருதுடா."

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சரக்... சரக்... சரக்...

வீட்டுச் செருப்பு கல்லில் உரசும் சத்தம். எனக்குத் தெரிந்த நடை.

பெரியம்மா படியேறி வந்தார். கையில் குடை இல்லை. கொட்டும் மழை. ஆனால் தலைமுடி நனையவில்லை. கண் அதைப் பார்த்தது. மனதில் ஏறவில்லை. இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கத்தவில்லை.

நேராக என்னிடம் வந்தார். மீன் வாடை இல்லை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத வாடை அது. குனிந்து என் மேலங்கியின் ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

"வீட்டாளுங்க பக்கம் இதுதானேய்யா?"

மெல்லிய குரல். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடியப்போகிற வருடம் வேண்டியவர்கள் மேலங்கியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிப்பார்கள். வீட்டாருக்கு இடது பக்கம். நண்பர்களுக்கு வலது பக்கம். கிழிசல் கூடக் கூடப் பெருமை. என் இடது பக்கம் அதுவரை முழுசாக இருந்தது.

"டெல்மோ, யாரு இவங்க? உனக்குத் தெரிஞ்சவங்களா?" கொன்ஸ்டான்சா கேட்டாள். போர்த்தோ நகர நீதிபதியின் மகள். இந்த மூன்று வருடமும் நான் வேஷம் போட்டது பாதி அவளுக்காகத்தான்.

"தெரியல," என்றேன். "ஏதோ புத்தி சரியில்லாத அம்மா போல."

பெரியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"சரிய்யா."

குனிந்தார்.

கர்ர்ர்ர்...

அவர் கன்னம் என் விரலில் பட்டது. ஐஸ். மூச்சு படவே இல்லை...

காஸ்பர் கெக்கலித்தான். "ஏம்மா, அது சொந்தக்காரங்க கிழிக்கற பக்கம்மா! இவன் என்ன உங்க புள்ளையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆம், சிரித்தேன்.

பெரியம்மா பக்கத்துச் சந்துக்குள் திரும்பினார்.

சரக்... சரக்...

நின்றுவிட்டது.

"பாவம், நனையறாங்க." கொன்ஸ்டான்சா குடையோடு பின்னால் ஓடினாள். உடனே திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்க யாரும் இல்ல."

"ஏதாச்சும் கதவத் தெறந்து போயிருப்பாங்க," என்றான் காஸ்பர்.

"கதவே இல்லடா. முட்டுச்சந்து. சுவருதான் இருக்கு..."

யாரும் சிரிக்கவில்லை. நான் கைபேசியை இயக்கினேன். பெரியப்பாவின் செய்தி. பிற்பகல் 2.10.

"பெரியம்மாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்கு வா. உன்னத்தான் கேக்கறா."

ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி 7. நடைபாதை பெஞ்சில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சந்தைப் பெண்கள்.

"நாலு இருபதுக்குப் போயிட்டாடா."

நாலு இருபது...

பெரியப்பாவின் கண் என் மேலங்கியின் ஓரத்தில் நின்றது. கிழிசலைத் தடவிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து விரித்தார். உள்ளே இரண்டு மூன்று கறுப்புக் கம்பளி இழைகள்.

"அஞ்சு மணிக்குக் கீழ குளிர் அறையில வெச்சுப் பூட்டினாங்க. ஆறரைக்கு துணி மாத்த என்னைக் கூப்பிட்டாங்க. இது அவ பல்லு இடுக்குல இருந்துச்சு. என்னன்னு புரியாம முழிச்சிட்டிருந்தேன்..." சட்டென்று என்னைக் கட்டிக்கொண்டார். "வந்திருக்கடா நீ! நான் காபி குடிக்கப் போன நேரத்துல வந்து, கடைசியா அவளக் கிழிக்க வெச்சிருக்க! நான் பாவி, புள்ள வரவே இல்லன்னு உன்னத் திட்டிட்டேனே..."

சந்தைப் பெண்கள் என் தலையைத் தடவினார்கள். "பெத்த புள்ளகூட இப்படிச் செய்யாதுடி" என்று ஒருத்தி அழுதாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை கோயில் சிற்றறையில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். அதே மேலங்கியோடு என்னை மகன் இடத்தில், தலைமாட்டில் நிறுத்தியிருந்தார்கள். உறவில் ஒருவர் இறந்துவிட்டார் என்று மட்டும்தான் வகுப்பில் தகவல் சொல்லியிருந்தேன். கொன்ஸ்டான்சா பூ வாங்கிக்கொண்டு தனியாக வந்தாள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியப்பா அவளிடமும் ஆரம்பித்தார். "நாலு இருபதுக்கு உசிரு போச்சும்மா. அதுக்கு முன்னாடி இவன் ஓடி வந்து அவளப் பாத்துட்டான். இந்தா, இந்தக் கிழிசல் அவ பல்லால கிழிச்சது."

கொன்ஸ்டான்சா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

பூ கீழே விழுந்தது.

அவள் அலறவில்லை. என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை யாருக்கும் தரவேண்டாம் என்று கடவுளைக் கும்பிடுகிறேன்.

"என்னம்மா, இவளத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார் பெரியப்பா.

பெரியப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியுங்க," என்றாள். "அவங்க கிழிச்சப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

பூவைப் பொறுக்கிப் பெரியம்மாவின் கையருகே வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.