சிறுத்தைக்கு முன்னால் எழுந்து நின்றவன்

சென்னையிலிருந்து வந்த போதகரையும் அவர் மனைவியையும் திருப்பதி சபைக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை, சித்தூர் மிஷன் பள்ளிக் குமாஸ்தாவான என் தலையில் விழுந்தது. 'பத்திரமாக' என்ற சொல்லை என்னைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொன்னார்கள் என்று இன்றும் விளங்கவில்லை. சுவரில் பல்லி இருந்தால் அறையை அதற்கே விட்டுக்கொடுத்துவிடுகிறவன் நான்.

சந்திரகிரிக்குச் சற்று முன்னால், காட்டோரத்தில், பட்டப்பகலில் கார் கொதித்து நின்றுவிட்டது. மேல்துணியை மடித்துவிட்ட திறந்த கார். தண்ணீர் கொண்டுவர டிரைவர் தகர டப்பாவோடு ஓடைக்குப் புறப்பட்டார். முன்பு வேட்டைக்காரத் துரைகளுக்கு வண்டி ஓட்டியவர் அவர். போகும்போது என் காதில் மட்டும் சொன்னார்.

"எது வந்தாலும் எழுந்திரிக்காதே, குமாஸ்தாய்யா. ஒக்காந்துக்கினு கீற வரைக்கும் அதுக்குக் காரும் நாமளும் சேந்து ஒரே சாமான்தான்."

எது வரும் என்று நான் கேட்பதற்குள் அவர் சரிவில் இறங்கி மறைந்துவிட்டார்.

வந்தது சிறுத்தை. இருபது கஜம் தள்ளி நடுரோட்டில் உட்கார்ந்தது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பாறையைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அவமரியாதையை நான் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டேன். ஆனால் எங்களுக்கும் அதற்கும் நடுவில்தான் ஓடைப்பாதை ரோட்டில் வந்து ஏறுகிறது. கீழே டப்பாவில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. சிறுத்தையின் காதுகள் அந்தப் பக்கம் திரும்பின.

டிரைவரை எச்சரிக்க வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பின்சீட்டிலிருந்து போதகர், "ஜெபிப்போம்" என்றார்.

எங்கள் சபையில் அந்தச் சொல் காதில் விழுந்தால் எழுந்து நின்று கண்ணை மூடுவது வழக்கம். சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். மூளைக்குச் சேதி போவதற்கு முன்பே முழங்கால் நிமிர்ந்துவிட்டது. வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, திறந்த காரில் எழுந்து நின்றேன்.

உறுமல் கேட்டுக் கண் திறந்தேன். சிறுத்தை ஓடைப்பாதையை மறந்துவிட்டு, வயிறு தரையில் பட என்னை நோக்கிப் பதுங்கியிருந்தது. பாறையில் திடீரென்று ஒரு ஆள் முளைத்தால் அதுதான் என்ன செய்யும்? உட்காரத்தான் பார்த்தேன். எழுந்த முழங்காலுக்கு மடங்கத் தெரியவில்லை. அதற்குள் காரின் பின்பக்கமாகச் சுற்றி வந்து ஏறிய டிரைவர், என் கோட்டைப் பிடித்து இழுத்துச் சீட்டில் தள்ளினார். நின்ற ஆள் எங்கே போனான் என்று சிறுத்தை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெல்ல எழுந்து எதிர்க்காட்டுக்குள் போய்விட்டது.

திருப்பதியில் போதகர் பிரசங்கம் செய்தார். டிரைவரைக் காப்பாற்ற ஒரு எளிய குமாஸ்தா தன்னையே மிருகத்துக்குக் காட்டி நின்றான் என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன், அவ்வளவு உருக்கமாகச் சொன்னார்.

வெளியே காருக்குப் பக்கத்தில் டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போய், ஜெபம் என்றதும் பழக்கத்தில் எழுந்துவிட்டேன், உங்களை நினைக்கவே இல்லை என்றேன்.

"தெரியுமே. நீ கண்ண மூடிக்கினு நின்னத நான் பாக்கலியா? அது உன்னையே பாத்துக்கினு இருந்தப்பதான் நான் மேல ஏறி வந்தேன். வூட்டுல மூணு பசங்க கீறாங்க. நீ எதுக்கு எழுந்தா எனக்கின்னா?"

சொல்லிவிட்டு ஒரு பீடியை நீட்டினார். மிஷன் குமாஸ்தா பீடி பிடிக்கக் கூடாது. சபைக் கோயில் சுவருக்குப் பின்னால் போய்ப் பற்றவைத்தேன். ஐந்து தீக்குச்சி வீணாயிற்று.