ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன்

நான் ஒரு பிழை விட்டேன். அதை யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டு, பிழை அவருடையதுதான் என்று வேறொரு பெண்ணை நம்பவைத்தேன். அவர் நம்பினார். இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதுதான் என் குற்றம். சுற்றிவளைத்துச் சொல்லி உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்க எனக்கு விருப்பமில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி வாசிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நான் குரோஷேப் பின்னற் குறிப்புகள் எழுதுகிறவள். சாவிக்கொத்தில் தொங்கவிட ஒரு மாம்பழம், கூந்தலுக்குப் பூ, காதுக்குத் தோடு, பிறந்த பிள்ளைக்குக் காலுறை, யாருக்காவது பரிசாகக் கொடுக்க ஒரு சின்னப் பை... இப்படி. ஊசியை எங்கே விடுவது, எத்தனை கண்ணி போடுவது, எங்கே திருப்புவது என்று வரிவரியாகத் தமிழில் எழுதி என் இணையப் பக்கத்தில் போடுவேன். யாரும் எடுத்துச் செய்யலாம். அதைப் பார்த்துப் பின்னும் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கிறேன். பகலில் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் சிறுபிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் குழுவிலும் எல்லோரும் என்னை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட.

அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா! நீங்கள் படித்தவர்கள் பிறந்த வீட்டில் பிறந்தவராக இருந்தால் அது விளங்காது. அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போய் மூன்று வீடுகளில் சமைத்தவர். இருவருமே பெருவிரலை மையில் அழுத்தியவர்கள். எங்கள் குடும்பத்தில் பேனாவால் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம், நாங்கள் சொல்லும் கம்பஸ், போன முதல் ஆளும் நான்தான். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். “என்னா புள்ள எழுதியிருக்கு?” என்று கேட்பார். நான் வாசிப்பேன். அந்த நேரத்தில் வீட்டில் நான் ஒரு ராணி.

என் குறிப்புகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரி இருக்கும்: ‘பிழையின்றிச் சரிபார்க்கப்பட்டது.’ யாரும் போடச் சொல்லவில்லை. நானேதான் போட்டுக்கொண்டேன்.

ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். வத்தளையில் இருக்கிறார். தையல் தொழிற்சாலையில் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் போடும் கண்ணிகள் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவாக இருக்கும். குழுவில் அவர் படம் போட்டால் என் படம் மங்கிப்போகும்... இதையும் ஒப்புக்கொள்கிறேன். அது எனக்கு உறுத்தியது.

போன வருடம் ஒரு செபமாலைப் பைக்குக் குறிப்பு எழுதினேன். முதல் நன்மை எடுக்கும், அதாவது தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க ஏற்ற, உள்ளங்கை அளவு வெள்ளைப் பை. வட்டமான அடி, மேலே மடிந்து மூடும் சிப்பி வடிவ வாய். நானே யோசித்து உருவாக்கியது.

இங்கே ஒரு சின்ன விளக்கம் வேண்டும். குரோஷேயில் குட்டைக் கண்ணி உண்டு, உயரக் கண்ணியும் உண்டு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தையல் பழக்கிய சிஸ்டர், இங்கிலாந்து வழக்கப்படி குட்டைக் கண்ணியை ‘டபிள்’ என்பார். இப்போது எல்லோரும் தொலைபேசியில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்களில் குட்டைக் கண்ணிக்குப் பெயர் ‘சிங்கிள்’. உயரக் கண்ணிதான் ‘டபிள்’. ஒரே சொல்லுக்கு இரண்டு உயரம்! கொழும்பில் பள்ளிக்கூடத்தில் ஊசி பிடித்து, வீடியோ பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் இந்த வில்லங்கம் உண்டு. நான் அமெரிக்க வழக்கத்தையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் ‘சிங்கிள் என்றால் குட்டை, டபிள் என்றால் உயரம்’ என்று எழுதிவிடுவேன்.

அந்தச் செபமாலைப் பைக் குறிப்பிலும் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு, கீழே என் கை பள்ளிக்கூடப் பழக்கத்துக்குப் போய்விட்டது. ‘அடிப்பாகம் முழுவதும் டபிளில் பின்னவும்’ என்று போட்டுவிட்டேன். நான் நினைத்தது குட்டைக் கண்ணி. எழுதியது உயரக் கண்ணி.

இரண்டு நாளில் ஸ்டெல்லா அக்காவின் செய்தி குழுவில் வந்தது.

“மிஸ், குறை நினைக்காதீங்க. அடிப்பாகம் டபிள் எண்டு போட்டிருக்கிறீங்க. நீங்க மேல விளக்கின மாதிரி உயரமாப் பின்னினா தட்டையா வருதில்ல. தொப்பி மாதிரி எழும்புது. செபமாலைட சிலுவையும் ஓட்டையால வெளிய வருது. மூண்டு தரம் அவிழ்த்திட்டன். சிங்கிள் எண்டு வரணுமோ?”

பாருங்கள்... பிழையையும் கண்டுபிடித்து, விடையையும் அவரே சொல்லிவிட்டார்! ‘ஓம் அக்கா, என் பிழை’ என்று எழுத எனக்கு எத்தனை விநாடி தேவைப்பட்டிருக்கும்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? டியூட்டரியின் அலுவலக அறையில் இருந்தபடியே என் பக்கத்தைத் திறந்தேன். ‘டபிளில்’ என்பதை அழித்தேன். ‘சிங்கிளில்’ என்று எழுதினேன். சேமித்தேன். அதன் பிறகுதான் குழுவுக்குத் திரும்பி வந்து பதில் போட்டேன்.

“அக்கா, அங்கே சிங்கிள் என்றுதானே எழுதியிருக்கிறது? அவசரப்படாமல் ஒருமுறை நன்றாக வாசித்துப் பாருங்கள்.”

ஏன் அப்படிச் செய்தேன்? கோபமா? இல்லை. பயமா? ‘பிழையின்றிச் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரி பொய்யாகிவிடும் என்ற பயம் இருந்தது, அது மட்டுமல்ல. எட்டாம் வகுப்புப் படித்த ஒருவர், பட்டம் எடுத்த என்னை, எல்லோர் முன்னாலும் திருத்துவதா என்று ஒரு நெருப்பு உள்ளே எழுந்தது. அதுதான் உண்மை.

குழுவில் வாய்த்துடுக்கான ஒரு பெண் உண்டு, வெள்ளவத்தைக்காரி. உடனே எழுதினாள்: “சிங்கிளா இருக்கிற எனக்கே டபிள் எது எண்டு தெரியுது, கலியாணம் முடிச்ச உங்களுக்குத் தெரியேல்லையோ ஸ்டெல்லாக்கா!”

சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது.

சற்று நேரம் கழித்து ஸ்டெல்லா அக்கா எழுதினார். “ஓம் மிஸ். இப்ப திரும்பப் பாத்தன். சிங்கிள் எண்டுதான் இருக்கு. நான்தான் பாத்தெழுதின கொப்பியில பிழையா எழுதியிருக்கிறன். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்... என்னிடம்!

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த அறைக்குப் போவது என்று அம்மா சன்னலில் இருந்தவரிடம் கேட்டார். அவர் நிமிராமலே, சிங்களத்தில், “ஒதன லியலா தியெனவானே!” என்றார். அங்கே எழுதித்தானே இருக்கிறது! அம்மா எழுதியிருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். வாசிப்பதுபோல உதட்டைக்கூட அசைத்தார். அந்த முகத்தை இனி யாருக்கும் வரவிடக்கூடாது என்றுதான் நான் படித்தேன். படித்து முடித்து, அந்தச் சன்னலுக்குப் பின்னால் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சில மாதங்கள் போயின. வத்தளைப் பக்கத்துப் பெண்கள் சனிக்கிழமைகளில் ஒன்றாக இருந்து பின்னப் பழக வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாரமும் போக எனக்கு ஏலாது. யார் பழக்குவது என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் ஏறி, ஸ்டெல்லா அக்காவைக் கேட்க நானே போனேன். உள்ளுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் பழையது சரியாகிவிடும். எதையும் சொல்லவேண்டி வராது!

“ஐயோ மிஸ்ஸா! வாங்க, வாங்க. வீடு கிடக்கிற கோலத்தைப் பாக்காதீங்க” என்று கதிரையில் கிடந்த துணிகளை அள்ளினார். பிளேன்டீ வந்தது. அவருடைய மகள், ஒன்பது வயதுப் பிள்ளை, என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். “என்ட குறிப்ப நீங்க வாசிச்சுச் சொன்னாப் போதும் அக்கா. கை வேலையில உங்களுக்குச் சொல்ல ஒண்டும் இல்ல.”

“செய்து காட்டச் சொன்னா எத்தின பேருக்கும் காட்டுவன் மிஸ். வாசிக்கிற வேலை எனக்கு வேணாம். என்ட வாசிப்புத்தான் உங்களுக்குத் தெரியுமே!” என்று சிரித்தார்.

“அம்மா டபிள சிங்கிள் எண்டு வாசிச்சவ மிஸ்!” என்றாள் மகள்.

“இல்லடி, சிங்கிளத்தான் டபிள் எண்டு வாசிச்சன். நக்கலடிக்கிறதையாவது சரியா அடி!”

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அது பழகிப்போன பகிடி என்று விளங்கியது. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அந்தப் பை... முதல் நன்மைக்கு முடிஞ்சதா அக்கா?”

“எங்க மிஸ்! ஒரு வரி பிழையா எழுதினா மற்ற வரியும் பிழையாத்தானே எழுதியிருப்பன் எண்டு யோசனை. ஒவ்வொண்டாச் சந்தேகப்பட்டு அவிழ்த்து அவிழ்த்து நூலும் அழுக்காப்போச்சு. பிறகு கடையில ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி இவளுக்குக் குடுத்தன்.”

கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். டேட்டா முடிந்தால் வாசிக்க முடியாது என்பதால் என் குறிப்புகளையெல்லாம் பார்த்து எழுதி வைப்பாராம். வட்டமான, நிதானமான எழுத்து. செபமாலைப் பையின் பக்கத்தைப் புரட்டினேன். ‘அடிப்பாகம் முழுவதும் டபிளில் பின்னவும்.’ நான் எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. ஓரிடத்தில் நான் தவறுதலாக இரண்டு முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். அந்த இரண்டும்கூட இருந்தன! டபிள் என்ற சொல்லின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேலே சிறுபிள்ளையின் கையெழுத்தில், சிங்கிள்.

அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் எல்லாமே சிறுபிள்ளையின் கையெழுத்து.

“இப்ப அவதான் பாத்து எழுதுறா மிஸ். எனக்குக் கண் ஒண்டு பாக்குது, கை ஒண்டு எழுதுது. முந்தி கோயில்ல மாசத்துக்கு ஒரு ஞாயிறு பைபிள் வாசகம் வாசிக்கிறனான். அதையும் விட்டுட்டன். சபைக்கு முன்னால சொல்லு மாறிப்போனா வெக்கம்தானே?”

நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லியிருப்பீர்கள். யாரும் சொல்லியிருப்பார்கள். கொப்பி என் மடியில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் அந்தப் பிள்ளை. ‘அக்கா, நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள்.’ நான்கு சொற்கள்! நான் வாயைத் திறந்தேன்...

“மகளிட எழுத்து வடிவா இருக்கு” என்றேன்.

ஸ்டெல்லா அக்காவின் முகம் மலர்ந்தது. “அவளாவது உங்கள மாதிரிப் படிக்கட்டும் மிஸ்” என்றார்.

சனிக்கிழமை வகுப்பை வேறொருவர் நடத்துகிறார். ஸ்டெல்லா அக்கா பின்வரிசையில் இருந்து பார்த்துச் செய்கிறாராம். மகளுக்குப் பரீட்சை நெருங்கினால் எனக்குக் குரற்செய்தி அனுப்புவார். “மிஸ், ஐந்தாவது வரிய ஒருக்காச் சொல்லுங்களன்.” நான் என் வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்துப் பதிவுசெய்து அனுப்புகிறேன். வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு! “பெரிய உபகாரம் மிஸ், ஆண்டவர் உங்கள ஆசீர்வதிப்பார்” என்று பதில் வரும். ஒவ்வொரு முறையும் அதை முழுவதும் கேட்கிறேன். இடையில் நிறுத்தும் உரிமை எனக்கில்லை.

பலமுறை அவருக்கு உண்மையை எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன். தலைப்பிலிருந்து அந்தப் பெருமை வரியை எடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. என் நற்பெயருக்கு ஒரு கீறலும் விழவில்லை... அவர் மட்டும் ஒரு சொல்லில் தொடங்கி எல்லாச் சொற்களையும் இழந்துவிட்டார்.

எங்களிடம் வந்து சொல்கிறாயே, அவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். பதில் இல்லை. அச்சில் வந்தால் அவர் கண்ணில் பட்டுவிடுமே, பயமில்லையா என்று கேட்கிறீர்களா? அதற்குப் பதில் இருக்கிறது. பயமில்லை.

ஸ்டெல்லா அக்கா இப்போது எதையும் வாசிப்பதில்லை.