அம்மணி ஏறிய மலை

ஒல்லாந்தர் கொடி பழவேற்காட்டுக் கோட்டையில் பறந்துகொண்டிருந்த காலத்தில், சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் அம்மணி என்று ஒருத்தி இருந்தாள். பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். வாயில் கயிறு இருக்கும்வரை பேச முடியாது. அது இல்லாதபோதும் அவள் அதிகம் பேசியதில்லை. அவள் பேச்சைக் கேட்க வேண்டியவன் கப்பலேறிப் போயிருந்தான்.

அவள் புருஷன் ரங்கன், துணிமூட்டைகளைக் கரையிலிருந்து படகில் ஏற்றிக் கப்பலில் சேர்க்கிறவன். ஒரு தடவை கப்பலில் ஆள் போதவில்லை என்று ஜாவாவுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பருவக்காற்றுக்குப் போய் மறு காற்றுக்குத் திரும்பிவிடலாம் என்றார்கள். போனான். காற்று வருஷா வருஷம் ஒழுங்காகத் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கோட்டைப் பக்கம் விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

அவளுடைய நைனா மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. மகள் இலவு காத்த கிளியாய் உட்கார்ந்திருப்பதை எந்தத் தகப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்? வலைக்காரன் நாகப்பன், பெண்சாதியை அம்மைக்குப் பறிகொடுத்தவன், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். நல்லவன்தான். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். அவர்கள் ஜனத்தில் மறுதாலி வழக்கமும் உண்டு.

தை பிறந்ததும் தாலி என்று பேச்சு நடந்தபோது அம்மணி ஒன்று கேட்டாள். மேற்கே கம்பாக்கம் மலை நீலமாகத் தெரியும். கடலுக்குள் போகும்போது கடைசியில் மறைவதும் திரும்பும்போது முதலில் தெரிவதும் அந்த உச்சிதான் என்று ரங்கன் சொல்லியிருந்தான். அவனுக்கு உச்சி தெரியும் என்றால், உச்சியில் நிற்பவளுக்கு அவன் தெரிய மாட்டானா?

"நைனா, நான் அதும்மேல ஏறி ஒருவாட்டி கடலப் பாத்துட்டு வரேன். கப்பல் ஒண்ணும் இல்லன்னா நீ சொன்னபடி கேக்கறேன்."

மாசிலாமணி கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். புருஷனைத் தேடிக் கடலுக்குப் போகாமல் மலைக்குப் போகிறாளே என்று பெண்கள் கேலி பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தண்ணீர்க்காரர்களுக்குத் தரையில் தூரம் பிடிபடாது. ஏரியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரு பகலில் கைக்கு வந்துவிடும். அந்த நினைப்பில் ஒருவேளைக் கஞ்சியை மட்டும் கட்டிக்கொண்டு மார்கழிக் குளிரில் கிளம்பினாள். இவள் நடக்க நடக்க மலை பின்வாங்கிக்கொண்டே போயிற்று. அடிவாரத்தில் விறகு வெட்டுகிறவர்கள் கூழ் ஊற்றி, தனியாக ஏறாதே என்று தடுத்தார்கள். கேட்டால்தானே? சேற்றில் ஊறிய பாதம் கல்லில் கிழிந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையிடுக்கில் முடங்கிக் கிடந்து, விடியலில் மேலே ஏறினாள்.

ஒரே வெள்ளை. நீட்டிய கை தெரியவில்லை. கோட்டையில் சீமையின் மலைப்பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் இருந்தான். அவன் ஊர் மலைகளின் உச்சி எப்போதும் வெள்ளையாக இருக்குமாம், அது உறைந்த தண்ணீராம், மேலே நடக்கலாமாம். ரங்கன் ஒருநாள் வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தான். இதுதானோ அது? ஏரிக்காரிக்கு வெள்ளையாய் எதைக் கண்டாலும் உப்பு என்றுதான் புத்தி போகும். வெளுத்திருந்த புல்லைப் பிடுங்கி நக்கிப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. இதை ஓடிப்போய்ச் சொல்ல அவன் இல்லையே என்று தோன்றியதும் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஊரில் அழுதால் தேற்றுவதற்கு நாலு பேர் வந்துவிடுவார்கள். இங்கே நிம்மதியாக அழ முடிந்தது.

வெயில் ஏறியதும் பனி விலகியது. கீழே காடு, அப்புறம் வயல், அப்புறம் ஏரி, அதற்கும் அப்பால் கடல். அவ்வளவு பெரிய கடலை அவள் பார்த்ததே இல்லை. அதில் ஒரு பாய்கூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இடம் மாறி நின்று பார்த்தாள். பொழுது சாயும்வரை பார்த்தாள். கடல் கழுவிக் கவிழ்த்த சட்டியாகத்தான் கிடந்தது.

அவள் ஊர் திரும்பியபோது மாசிலாமணியும் நாகப்பனும் கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூடை நிறைய மடவை மீன். பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இன்னா பாத்தே என்று நைனா கேட்டார். கடல் காலி என்று சொல்லிவிடுவதாகத்தான் வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"ஒண்ணும் தெரியல நைனா. நாள் பூரா பனி மூடிக்கினு இருந்துது. அடுத்த மார்கழிக்குத்தான் பாக்கணும்."

பொய் சொல்லலாம், அதை இந்த ஊரிலா சொல்வது? மலையுச்சியையும் கரைப் பனையையும் ஒரே நேராக வைத்துத்தான் இங்கே எல்லாரும் வலை போடும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். உச்சி மறைந்த நாளில் ஒரு வலையும் இறங்காது. அவள் போனதிலிருந்து நாள்தோறும், வெயில் ஏறிய பின், உச்சி பளிச்சென்று நின்றது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மாசிலாமணி சொல்லிவிட வாயெடுத்தார்.

நாகப்பன் முந்திக்கொண்டான். பக்கத்தில் கிடந்த ஓலைப்பாயை இழுத்து மீன்கூடையை மூடினான்.

"ஆமா மாமா, இங்கேருந்தும் உச்சி தெரியல," என்றான். "நான் வலையே எறக்கல."