பாதிக் கண்ணாடித் தண்ணீர்

“…பாதிக் கண்ணாடிக்குத் தண்ணி நின்னுச்சு மாப்ள, அன்னைக்கு விசாரணையிலயும் இதையேதான் சொன்னேன்” என்று கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்தார் மச்சான். பாய்லர் தண்ணீரைக் காட்டும் கண்ணாடிக் குழாய் அது. அவர் சொன்னபடியே பாதிக்கு நின்றது. திரையில் நீராவி எஞ்சின் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தது. உச்சியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மச்சான் என் அக்காவின் வீட்டுக்காரர். எஞ்சினில் கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன். ஓய்வுக்குப் பின் வாசலூர்பட்டிக்கே வந்துவிட்டார். ரயிலே ஏறாத மலைக்கு ஒரு ரயில்காரர். நான் ஜெராக்ஸ் கடைக்காரன், தப்புத் தப்பாய்ச் செய்து பார்த்தே கம்ப்யூட்டர் பழகியவன். ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்காக அவருடைய பழைய எஞ்சினை அப்படியே கட்ட ஆரம்பித்தேன். பேச்சுக்குப் பேச்சு ஒரு சொலவடை வைத்திருப்பார். “கரிக்கு வாயில்ல, பொகைதான் பேசும்” என்பார். நான் முதலில் கட்டிய புகையைப் பார்த்துவிட்டு, “இது எஞ்சினா, பொங்கப் பானையா?” என்று கேட்டார்.

ஒரு கதையை மட்டும் அவர் சொன்னதில்லை, அக்காதான் சொன்னாள். மலைப்பாதை ஏறி இறங்கும்போது பாய்லரில் தண்ணீர் குறைந்து, ஆபத்துக்கென்று வைத்த ஈய அடைப்பு சூட்டில் உருகி, நீராவி பாய்ந்து நெருப்பு அணைந்து, வண்டி நடுவழியில் நின்றிருக்கிறது. “தண்ணீர் விடச் சொன்னேன்” என்றார் டிரைவர். “சொல்லவே இல்லை, தண்ணீரும் பாதிக்கு இருந்தது” என்றார் மச்சான். மச்சான் சொன்னதுதான் எடுபட்டது. தன் சோற்றுத்தூக்கில் மச்சானுக்குப் பங்கு வைத்த அந்த டிரைவரை எஞ்சினை விட்டு இறக்கி, ஷெட் வேலைக்குப் போட்டார்கள். அவர் அடிவாரத்தில்தான் இருக்கிறார். பஸ் அந்த வீட்டைத் தாண்டும்வரை மச்சான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டே வருவார்.

விளையாட்டில் முதல் தடவை ஓட்டியபோது, உச்சி தாண்டியும் தண்ணீர் பாதிக்கே நின்றது. “பாத்தியா மாப்ள!” என்றவர், அன்று களி இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் சந்தோஷம்தான்.

மறுவாரம் கீழே போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன். டிரைவர் பக்கத்தில் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில் படுத்துக் கிடந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாய் ஏறும்வரை தண்ணீர் பின்பக்கமே தேங்கி நின்றது. மேலே வந்து பஸ் ஓர் இறக்கத்தில் தலைசாய்ந்ததும் அத்தனையும் முன்பக்கம் ஓடிவிட்டது. கண்ணாடிக் குழாயும் நெருப்பும் இருப்பது பாய்லரின் பின்பக்கம்; ஏற்றத்தில் பாதி காட்டும் தண்ணீர் இறக்கத்தில் முன்னால் ஓடி, அங்கே காலியாகிவிடும். என் எஞ்சினில் தண்ணீர் சாயவே இல்லை. அதைக் கட்ட மறந்திருந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். “விட்டுடு சாமி, வெளையாட்டுத்தான அது. மனுசன் நிம்மதியா ரெண்டு வாய் திங்கட்டும்” என்றாள். ரெண்டு நாள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அப்படியே விட்டால், என் விளையாட்டிலும் அந்த டிரைவர் பொய்யராகவே நிற்பார். மூன்றாம் நாள் திருத்தினேன். இன்றைக்கும் அதை ஓட்டுகிறவர்கள், உச்சியில் கண்ணாடி ஏன் காலியாகிறது, கோளாறா என்று எழுதிக் கேட்கிறார்கள். கோளாறு இல்லை என்று மட்டும் பதில் போடுகிறேன்.

திருத்தியதை மச்சான் பார்த்த அன்று, எஞ்சின் உச்சியைத் தாண்டி மூக்கைத் தாழ்த்தியது. மச்சானின் விரலுக்கடியில் தண்ணீர் சரசரவென்று இறங்கிக் காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் நெருப்பும் அணைந்தது. காலிக் கண்ணாடியிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை. கதவோரம் வந்து நின்ற அக்கா என்னை முறைத்தாள்.

“ரெண்டு தடவ சொன்னாரு மாப்ள, தண்ணி விடுடான்னு. விட்டா ஸ்டீம் எறங்கீரும், உச்சி ஏறாதுன்னு நாந்தான் விடல” என்றார்.

பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டி, பொத்தான்கூடப் போடாமல், கீழே இறங்கும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.