மணி அடிக்காத பள்ளிக்கூடம்

மூன்றாம் வகுப்பு கலைச்செல்வி இன்றுதான் முதல்முறையாக மாலை வரை பள்ளியில் இருந்தாள். சொன்னவர் தலைமையாசிரியை. இன்று பள்ளிக்குப் போயிருந்த நானும் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன்.

கழுகுமலைப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி. ஆட்டிசம் உள்ள அவளுக்கு மணிச்சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவாள். உடனே தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு, வந்து கூட்டிப்போகச் சொல்லிப் போன் போகும்.

"இனிமே பாதியில போனா வேலைக்கு வராண்டாம்" என்று அங்கே நேற்று சொல்லிவிட்டார்கள்.

சிறப்பாசிரியர் சொன்னபடி இன்று மணியை நிறுத்திவிட்டார்கள். பாடவேளை முடிந்தால் வராந்தாவில் பச்சைக்கொடி காட்டுவது ஏற்பாடு. நாள் முழுக்கக் கொடி பிடித்தவளே கலைச்செல்விதான்.

வேலை முடிந்ததும் அம்மா ஓடிவந்தார்.

"டீச்சர், போனே வரலியே! பிள்ளைக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. அதான் போன் பண்ணல."

நம்பாமல் என்னிடம் போனை நீட்டினார். "அண்ணாச்சி, இது வேலை செய்யுதான்னு பாருங்க."

என் போனிலிருந்து அழைத்தேன். சத்தமாகவே அடித்தது. கலைச்செல்வி எங்களை முறைத்துக் கொடியைத் தூக்கினாள். உடனே நிறுத்தினேன். அம்மா அப்போதுதான் சிரித்தார்.

மணியோடு விசிலும் வேண்டாம் என்று சொல்லியும், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் மட்டும் தன் விசிலை இன்னும் ஒப்படைக்கவில்லை. திங்கட்கிழமை முடிவு சொல்வாராம். அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.