ஒரு மீட்டரில் நின்ற ரயில் பெட்டி

ஆபீசில் அவளுக்கு 'மைக்ரோ' என்று பெயர். ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுக்குப் பெயர் மைக்ரோ செகண்ட். அவள் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் சொல்வாள். மூன்று நிமிஷம் தாமதமாக மீட்டிங்குக்கு வருகிறவனைப் பார்த்து, "பதினெட்டு கோடி மைக்ரோ செகண்ட் லேட்டு, உள்ள வாங்க" என்பாள். வந்தவன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியாக இருப்பதைக் கண்டு இன்னும் கடுப்பாவான்.

நாற்பத்திரண்டு வயது. கணவர் திரைச்சீலை தைப்பவர். வீட்டில் மூன்று அறைகளில் ஒன்று துணிச் சுருள்களுக்குப் போய்விட்டது, இன்னொன்று மாமியாரின் டிவிக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்ததில் ஒரு மூலையில் மேஜை போட்டு, மோட்டார்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனி என்பது டயர் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். மொத்தம் ஏழு பேர். அதில் இந்த வேலை ஆதியோடு அந்தமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த வருஷம் ஒரு ரயில் பணிமனையின் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. பழுதான ரயில் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க நான்கு ஜாக்கிகள், மூலைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். நான்கும் ஒரே சீராக ஏறவேண்டும். ஒன்று பின்தங்கினால் நாற்பது டன் பெட்டி சாயும். அதனால் ஒவ்வொரு ஜாக்கியும் நொடிக்கு ஐந்நூறு தடவை தன் உயரத்தைச் சொல்லும். நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டகம் அதைக் கேட்டு, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லும். நேரத்துக்கு வராத செய்தி வராத செய்திதான். அங்கே 'கொஞ்சம் லேட்டு' என்று ஒன்று கிடையாது.

அந்தப் பணிமனையில்தான் அவள் அண்ணன் இருபது வருஷமாக ஃபிட்டர். தூக்கி நிறுத்திய பெட்டிக்கு அடியில் நுழைந்து, பிரேக் குழாய்களைக் கழற்றிச் சக்கரங்களை விடுவிப்பது அவர் வேலை. தங்கை வந்து சேர்ந்ததும் பணிமனை முழுக்கச் சொல்லிவிட்டார்: "இனிமே என் தலையெழுத்தை எழுதறது என் தங்கச்சிதான், ஜாக்கிரதையா நடந்துக்குங்க."

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது எடைத் தகடுகள் வந்தன. ஒவ்வொரு ஜாக்கியின் தலையிலும் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று சொல்லும் தகடுகள். நல்ல சாமான்தான், ஆனால் பேசத் தெரியாத சாமான். அவள் எழுதிய சாஃப்ட்வேர், வருகிற செய்தியின் உறையில் விலாசத்தைப் பார்த்து, உறையைக் கிழித்து, உள்ளே இருப்பதை உரியவரிடம் சேர்க்கும். இந்தத் தகடுகள் விலாசமே எழுதாமல் அனுப்பின. வந்ததெல்லாம் நேராகக் குப்பைக்குப் போயிற்று. ஆகவே, உறையைக் கிழிக்காமல், வந்ததை வந்தபடியே கேட்பவர் கையில் கொடுக்கும் ஒரு வாசலைப் புதிதாகத் திறக்கவேண்டியிருந்தது. அதற்கு ரா சாக்கெட் என்று பெயர். ரா என்றால் சமைக்காத பச்சை, அதனால் கம்பெனியில் 'பச்சை வாசல்' என்றார்கள்.

ஐந்து வாரம் உழைத்து அவள் பச்சை வாசலைத் திறந்தாள். தகடுகள் பேசின. அதன் பிறகு அதே வாசல் வழியாக ஒரு பதிவுக்காரனையும் உட்காரவைத்தாள். போகிற வருகிற எல்லாச் செய்திகளையும் பிரதி எடுத்து டிஸ்கில் எழுதிவைக்கும் ஒரு சின்னப் புரோகிராம் அது. ஏதாவது கோளாறு வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாமே என்ற எண்ணம்.

வியாழக்கிழமை, ரயில் பெட்டிக்குப் பதிலாக ஓர் இரும்புச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்த சோதனை முடிந்து திரையைப் பார்த்தபோது 'தவறியவை: 1' என்று இருந்தது. ஒரே ஒரு செய்தி. அவள் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிள் லூஸாக இருக்கும் என்று நினைத்தாள். கேபிளை அழுத்திவிட்டு எண்ணைப் பூஜ்யமாக்கினாள். வெள்ளியும் சனியும் ஒன்றுகூடத் தவறவில்லை. மனசு ஆறிவிட்டது.

திங்கள்கிழமை காலை பத்து மணி. முதன்முறையாக நிஜமான ரயில் பெட்டி. பார்க்க வெளியூரிலிருந்து ஆறு அதிகாரிகள் வந்திருந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் அவர்கள் தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. ஜாக்கிகளுக்குப் பொறுப்பு ஐம்பது வயதுப் பெண் ஃபோர்மேன். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவர் பெயரே விசில். அவர் ஊதினால் ஏறும், ஊதினால் நிற்கும்.

பெட்டி முனகிக்கொண்டே எழுந்தது. ஒரு மீட்டரில் விசில் ஊதி நிறுத்தினார். திட்டமே அதுதான். ஒரு மீட்டரில் நிறுத்தி, குழாய்களைக் கழற்றி, ஆட்கள் வெளியே வந்ததும் இன்னும் அரை மீட்டர் தூக்குவது. அண்ணனும் இன்னொரு ஃபிட்டரும் ஸ்பேனர்களோடு அடியில் நுழைந்தார்கள்.

மைக்ரோ திரையைப் பார்த்தாள்.

தவறியவை: 7.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஏழுதான். அதில் இரண்டு அடுத்தடுத்து, மூன்றாவது ஜாக்கிக்கு. பணிமனை மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, குழாய் வேலை முடியப்போகுது. அடுத்த தூக்கலுக்கு ரெடியா?"

"சார், தூக்காதீங்க."

"ஏன்?"

"ஏழு செய்தி வந்து சேரலை."

"எத்தனையில ஏழு?"

"லட்சக்கணக்குல."

அவர் அதிகாரிகள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "லட்சத்துல ஏழுன்னா கொசுக்கடிம்மா. இதுக்குப் போய்..."

"மூணு அடுத்தடுத்து தவறினா அந்த ஜாக்கி தானா நின்னுடும் சார். மத்த மூணும் ஏறிட்டே இருக்கும்."

"மத்ததை நிறுத்தச் சொல்லி உங்க சாஃப்ட்வேர் சொல்லாதா?"

"சொல்லும். அதுவும் அதே வழியாத்தான் போகணும். இப்ப ரெண்டு வரைக்கும் வந்துடுச்சு."

மேலாளர் மறுபடி அதிகாரிகள் பக்கம் பார்த்தார். ஆனால் விசில் கேட்டுவிட்டார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நீளமாக ஊதினார், வாயிலிருந்து எடுக்காமல் ஊதினார். அடியிலிருந்து இரண்டு பேரும் முட்டி தேய ஊர்ந்து வெளியே வந்தார்கள். ஜாக்கிகளின் மின்சாரத்தை விசில் தன் கையாலேயே துண்டித்தார். பெட்டி அப்படியே நின்றது. திருகு ஜாக்கி, மின்சாரம் போனாலும் இறங்காது. அந்த ஒன்றுதான் ஆறுதல்.

பிறகு விசில் மைக்ரோவின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

சாதாரணக் கேள்வி. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். எண்ணை அழித்தது வேறு யாருக்கும் தெரியாது.

"வந்திருக்கு. வியாழக்கிழமை. ஒண்ணு."

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லலை. கேபிள்தான்னு நினைச்சு அழிச்சுட்டேன்."

பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் துடைப்பதை நிறுத்தினார்.

"வியாழக்கிழமை சோதனைக்கு நான்தானே கீழ இருந்தேன்" என்றார்.

அவர் துணியை மடித்து மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்.

ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். எதிரே நாற்பது டன் அந்தரத்தில் நின்றது. அதிகாரிகளை மேலாளர் டீ குடிக்க அழைத்துப்போனார். போகும்போது, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். தெரியாது என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக நேரத்துக்கு அவளிடம் எண் இல்லை.

கேபிளாக இருக்கமுடியாது, அது தெரிந்துவிட்டது. வியாழன் தவறியது, வெள்ளியும் சனியும் தவறவில்லை, இன்று தவறியது. வியாழனும் திங்களும் என்ன ஒற்றுமை? நாட்குறிப்பைப் புரட்டினாள். இரண்டு நாளிலும் பதிவுக்காரன் ஓடியிருந்தான். மற்ற இரண்டு நாளும் டிஸ்க் நிரம்பியிருந்ததால் அவனை நிறுத்திவைத்திருந்தாள்.

காவலுக்கு வைத்தவனே கைவரிசை காட்டியிருக்கிறான்.

காரணம் புரிய இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. அவசர வேலையில் நினைவகத்தைத் தேடிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது என்பதால், அறுபத்து நான்கு காலித் தட்டுகளை அவள் முன்கூட்டியே அடுக்கிவைத்திருந்தாள். செய்தி வந்தால் ஒரு தட்டில் ஏறும். வாங்குபவர் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பித் தரவேண்டும். பச்சை வாசலில் நின்றவர்களுக்கும் அதே அடுக்கிலிருந்துதான் பிரதி போயிற்று. பதிவுக்காரனோ சோம்பேறி. டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். சில சமயம் அறுபத்து நான்கும் அவனிடமே மாட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்து ஜாக்கியின் செய்தி வந்தால், ஏந்தத் தட்டு இல்லை. கீழே விழும்.

தப்பு அவளுடையது. விருந்தாளி தன் தட்டைத் தானே கொண்டுவரவேண்டும் என்ற விதியை அவள் வைக்கவில்லை. பதிவுக்காரனை விரட்டினால் மட்டும் போதாது, எடைத் தகடுகளும் அதே வாசலில்தான் நிற்கின்றன. ஒரு நாள் அவற்றைக் கேட்கிற புரோகிராம் தாமதித்தால் இதே கதைதான்.

பத்துப் பதினைந்து வரிகள்தான் திருத்தம். பச்சை வாசலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனியாக இத்தனை தட்டு. அது தீர்ந்தால் அவர்களுடைய பிரதிதான் விழும், ஜாக்கியின் தட்டைத் தொடக்கூடாது. எழுதினாள். ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படித்தாள். சோதனை அறையில் இருந்த இரண்டு உபரி மோட்டார்களில் பழைய சாஃப்ட்வேரைப் பதிவுக்காரனோடு ஓடவிட்டாள். ஒன்பதாவது நிமிஷம் ஒன்று தவறியது. திருத்தியதைப் போட்டாள். இரண்டு மணி நேரம் ஓடியது. பூஜ்யம்.

மேலாளர் முகம் மலர்ந்தது. "அப்ப சரியாப்போச்சு! இதை வச்சே பெட்டியை இறக்கிடலாம். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"போடமாட்டேன் சார்."

"நீங்கதானே சரி பண்ணீங்க?"

"சரியாத்தான் இருக்கும்னு தோணுது. வியாழக்கிழமையும் எனக்கு அப்படித்தான் தோணிச்சு."

விசில் அவளை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "கையால இறக்குவோம்" என்றார்.

ஒவ்வொரு ஜாக்கியின் பக்கவாட்டிலும் ஒரு சுற்றுக் கைப்பிடி உண்டு. ஒரு சுற்றுக்கு நான்கு மில்லிமீட்டர் இறங்கும். நான்கு பேர் ஒரே நேரத்தில், விசிலுக்கு ஒரு சுற்று. ஒரு மீட்டர் இறங்க இருநூற்றைம்பது விசில். ஐம்பது சுற்றுக்கு ஒரு தடவை ஆள் மாற்றினார்கள். மூன்றாவது தடவை ஆள் குறைந்தபோது மைக்ரோ எழுந்துபோய் மூன்றாவது ஜாக்கியைப் பிடித்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்காவதில் அண்ணன் நின்றார். நடுவில் நான்கு எட்டு தூரம்.

விசில். சுற்று. விசில். சுற்று. இருபதாவது சுற்றில் அவள் உள்ளங்கை கன்றிவிட்டது.

"வியாழக்கிழமையே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் அண்ணன், திரும்பாமல்.

"வேலை நாலு நாள் தள்ளிப்போயிருக்கும். என்னைத் திட்டியிருப்பாங்க."

"திட்டுக்குப் பயந்தியா?"

"ஆமாண்ணா."

விசில். சுற்று.

"சின்ன வயசுல மார்க் ஷீட்டை ஒளிச்சு வச்ச புத்தி."

"அது உன் மார்க் ஷீட்டு. நீ ஒளிக்கச் சொல்லிக் குடுத்தே."

அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரித்தாரா, மூச்சு வாங்கினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாலை நாலரைக்குப் பெட்டி மறுபடி சக்கரங்களின் மேல் உட்கார்ந்தது. யாரும் கை தட்டவில்லை. ஆளாளுக்குத் தோளைப் பிடித்துக்கொண்டு கலைந்தார்கள்.

கம்பெனியில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் இரண்டு பக்கம் எழுதினாள். எண்ணை அழித்ததை முதல் வரியிலேயே எழுதினாள். முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இனி அவள் எழுதுவதை இன்னொருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்றார். அந்த இன்னொருவர் பதினெட்டு கோடி மைக்ரோ செகண்ட் தாமதமாக வந்தவன்தான். அவன் படித்துவிட்டு ஏழு கேள்விகள் கேட்டான். அதில் ஒன்று உண்மையிலேயே நல்ல கேள்வி.

அண்ணன் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான்காவது வாரம் அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் வாயில கொழுக்கட்டையா இருக்கு, ஒரு வார்த்தை பேசறதில்லை. கோவம் இல்லைங்கறார். எனக்கென்னவோ பயம்னு தோணுது. வந்து நீயே பேசு." அவள் போனாள். பேச்செல்லாம் வேறு எதைப்பற்றியோதான் நடந்தது. எழும்போது அவர், "சோதனை எத்தனை நாள் ஓடியிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பத்தொன்பது நாள். பதிவுக்காரனை வேணும்னே தூங்கவச்சு, பாதி நேரம் அப்படியே ஓட்டினோம். ஜாக்கி செய்தி ஒண்ணுகூடத் தவறலை."

"தவறியிருந்தா?"

"மொதல்ல உனக்குத்தான் போன்."

அடுத்த புதன்கிழமை அதே ரயில் பெட்டியை மறுபடி தூக்கினார்கள். இந்தத் தடவை அதிகாரிகள் யாரும் இல்லை. ஒரு மீட்டரில் விசில் ஊதினார். அண்ணன் அடியில் நுழையும் முன் அவள் பக்கம் பார்த்தார். அவள் திரையில் இருந்ததைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். "தவறியவை பூஜ்யம்." அவர் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். இருபத்திரண்டு நிமிஷம் அவர் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் திரையையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வெளியே வந்தபிறகு இன்னும் அரை மீட்டர் தூக்கினார்கள். தேய்ந்துபோன சக்கரங்களைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் கழுவும் கூடத்துக்குப் போனார்கள்.