படம் பார்த்துவிட்டுத் தட்டிய கதவு

போன ஞாயிறு மதியம் ஒரு ஐரோப்பியப் படம் பார்த்தேன். நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை - ரிமோட்டில் கைதவறித்தான் நானே அதில் போய் விழுந்தேன். ஒரு பழைய அபார்ட்மென்ட், எட்டுக் குடும்பம், எட்டுமே கழண்ட கேஸ். ஒருவர் பாத் டப்பில் வாத்து வளர்க்கிறார். ஒரு அம்மாள், யார் வீட்டில் சூப் வாசனை வந்தாலும் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்துவிடுகிறார். யாரும் கதவைத் தட்டுவதே இல்லை.

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, பழக்கதோஷத்தில் சோஃபாவின் அந்தப் பக்கம் திரும்பினேன். மனைவி இல்லை. அவள் அப்பாவைக் கவனிக்கக் கோயம்புத்தூர் போய் நாலு மாசமாகிறது.

அமெரிக்காவில், சான்டா கிளாராவில் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியுமா? தெரியாது. எழுபது வயதிருக்கும், வெள்ளைத் தாடி. லிஃப்டில் பார்த்தால் நான் 'ஹாய்' என்பேன், அவரும் 'ஹாய்' என்பார். வட இந்தியர் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

படம் தந்த தைரியத்தில் போய்த் தட்டினேன். என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை...

கதவைத் திறந்தவர், "வாங்க தம்பி" என்றார். தமிழில்.

உள்ளே முழுக்க அட்டைப்பெட்டிகள். கீழக்கரைக்காரராம். மனைவி போன வருஷம் இறந்துவிட்டார். "தனியா இருக்க வேணாம்னு மகன் டெக்சாஸுக்கு, சுகர் லேண்டுக்குக் கூப்பிட்டுட்டான். நாளைக்கு ஃப்ளைட்."

"நான் தமிழ்னு எப்படி அங்கிள் தெரியும்?"

"சுவத்துல கேக்குமே. எங்க வீட்டுக்காரி போனதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள தமிழ்ச் சத்தம்னா முன்னாடி நீங்க ரெண்டு பேரும் பேசுறது, இப்ப நீங்க ஃபோன்ல பேசுறதுதான். தப்பா நினைக்காதீங்க, டிவியை நிறுத்திட்டுக் கேப்பேன்."

"ஒரு தடவை வந்து தட்டியிருக்கலாமே?"

"நாலஞ்சு தடவை உங்க வாசல் வரைக்கும் வந்தேன். பிசியா இருப்பீங்கன்னு திரும்பிட்டேன்."

நான் பிசியாக இல்லை. ஃபோனை நோண்டிக்கொண்டிருந்திருப்பேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பெட்டிக்குள் போகாமல் மிச்சமிருந்த ஒரே டம்ளரில் எனக்கு டீ கொடுத்தார். ரெண்டு மணி நேரம் பேசினோம். மறுநாள் நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது வீடு காலி.

தொந்தரவு பண்ணக் கூடாது என்கிற நாகரிகம் இருக்கிறதே... சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் - ரெண்டு பேரையும் பத்திரமாகத் தனியாகவே வைத்திருந்தது அதுதான்.

நேற்று மாடி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த பெண் பயந்துபோய், "எவ்ரிதிங் ஓகே?" என்றார்.

ஓகே என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வேறென்ன சொல்வது?